கிராண்ட் கேன்யன்: மேலே ஏற எந்தப் பாதை?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்க இரண்டு முக்கியப் பாதைகள். சவுத் கைபாப், ஆற்றோர முகாம் வரை சுமார் 11 கிலோமீட்டர். பிரைட் ஏஞ்சல், 15 கிலோமீட்டருக்கு மேல். இறங்குவதற்குக் கைபாப்தான், முகட்டின் மேலேயே போவதால் இருபுறமும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். முழங்கால் நோகும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதில்தான் குழப்பம். அக்டோபரில் போனபோது, முகாமில் ராத்திரி முழுக்க இதே பேச்சு. கூட வந்த நண்பர், தூரம் குறைவு என்று கைபாப் பக்கம் சாய்ந்தார். நான் பிரைட் ஏஞ்சலை விடவில்லை. காரணம் தண்ணீர்.

கைபாபில் ஆற்றை விட்டால் விளிம்பு வரை ஒரு சொட்டு கிடைக்காது, நிழலும் அபூர்வம். நாலு லிட்டர் நிரப்பினால் முதுகில் நாலு கிலோ. ஏறத்தாழ 1,500 மீட்டர் செங்குத்து ஏற்றத்தில் அதைச் சுமக்க வேண்டும். பாதி வழியில் தீர்ந்தால் வேறு வழியே இல்லை. இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஏறப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரைட் ஏஞ்சலில் சுமை பாதியாகிறது. விளிம்புக்கு 7 கிலோமீட்டர் கீழே ஹவாசுபாய் கார்டன்ஸில் மரநிழலும் குழாயும் உண்டு. அதற்கு மேலே, விளிம்பிலிருந்து மூன்று மைல், ஒன்றரை மைல் தூரத்தில் உள்ள ஓய்வுக்கூடங்களிலும் குழாய் இருக்கிறது, குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள். ஆனால் குழாய்த்தொடர் பழையது, அடிக்கடி உடையும். அதனால் கிளம்பும் முன் பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் அன்றைய நிலவரம் கேட்காமல் நகராதீர்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புக்கடலை மாதிரி ஏதாவது கொறித்துக்கொண்டே ஏறுங்கள்.

கோடையில் நான் ஏறியதில்லை, அந்த அனுபவத்தில் பேச முடியாது. அப்போது அடிவாரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை நடக்க வேண்டாம், ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப வேண்டாம் என்கிறது பூங்கா நிர்வாகம்.

நாங்கள் விடியும் முன்பே கிளம்பினோம். கார்டன்ஸ் ஓடையில் சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டோம். மூன்று மைல் கூடம் வருவதற்குள் அது மொடமொடவென்று காய்ந்து, முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருந்தது. அங்கே குழாயைத் திறந்து முதலில் குடித்தவர் அந்த நண்பர்தான்.