மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் விடைத்தாள் நகலை வாங்குங்கள்

ரிசல்ட் வந்த அன்றைக்கே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள், முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இந்த செமஸ்டரில் என் அண்ணன் மகளுக்காக, பாளையங்கோட்டையில் அவள் பி.காம். படிக்கிற தன்னாட்சிக் கல்லூரியில் இரண்டு தாள்களுக்கு நகல் வாங்கினோம். நான் வேறொரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன், பேப்பர் திருத்தவும் போகிறேன். யாரோ திருத்தின தாளை, எழுதின பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

விண்ணப்பிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. பதிவெண், பாடக் குறியீடு, ஒரு தாளுக்கு 300 ரூபாய். போனிலேயே பணம் கட்டி, பிடிஎஃப் மெயிலில் வந்துவிட்டது. வீரவநல்லூரில் வீட்டில் இருந்தபடியே எல்லாம் முடிந்தது. முன்பெல்லாம் அம்பை, நாங்குநேரி, வள்ளியூர்ப் பிள்ளைகள் இதற்காக பஸ் ஏறி வந்து தேர்வுக் கட்டுப்பாட்டாளர் (சிஓஇ) ஆபீஸ் ஜன்னலில் கால் கடுக்க நிற்பார்கள். அந்த அலைச்சல் போனது பெரிய காரியம். ஆனால் நகல் வந்த பிறகு மறுமதிப்பீட்டுக்குக் கொடுத்த அவகாசம் மூன்றே நாள், அதிலும் நடுவில் ஒரு ஞாயிறு. பாட ஆசிரியரைத் தேடிப் பிடித்துத் தாளைக் காட்டி யோசனை கேட்க அது போதாது.

இன்னொரு குறை ஸ்கேனில். நாங்கள் சிவப்பு மையில் திருத்துகிறோம், நகல் கருப்பு வெள்ளையில் வருகிறது. பிள்ளை போட்ட அடிக்கோடு எது, திருத்தினவர் போட்ட கோடு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஓரத்தில் இருக்கிற 2½ சில இடங்களில் வெறும் 2 மாதிரித் தெரிகிறது. மெயிலில் போகிற தாளைக் கலரில் ஸ்கேன் செய்வதில் என்ன கஷ்டம்? திருத்தினவர் பெயரையும் கையெழுத்தையும் மறைத்து அனுப்பியிருந்தார்கள், அது முறைதான். தேர்வு எழுதினவர் தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம் என்று 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, திருத்துகிறவர் யாரென்பது வெளியே தெரியக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது.

இனி தாளுக்கு வருகிறேன். நிதிநிலைக் கணக்கியலில் இறுதிக் கணக்குகள், 8 மார்க். வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு மூன்றையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தாள். கிடைத்தது 5.

"அத்தை, டாலி ஆயிருச்சுல்லா? பெறவு எதுக்கு 3 மார்க்கைக் கொறச்சிருக்காவ?"

"சரிக்கட்டுதல்ல கொடுபட வேண்டிய சம்பளம் 4,000 இருக்கு பாரு. அத எங்கட்டி எழுதிருக்க?"

தேடினாள். சரிக்கட்டுதல் என்பது கேள்வியின் கடைசியில் தருகிற, கணக்கில் இரண்டு இடத்தில் காட்ட வேண்டிய விவரம். பாக்கி நிற்கிற அந்தச் சம்பளத்தை அவள் சம்பளத்தோடு கூட்டவும் இல்லை, பொறுப்புகள் பக்கம் காட்டவும் இல்லை. இரண்டு இடத்திலும் விட்டால் இலாபம் 4,000 கூடும், பொறுப்பு 4,000 குறையும், மொத்தம் டாலி ஆகத்தான் செய்யும். முன்கூட்டிச் செலுத்திய காப்பீடும் அதேபோல இரண்டு பக்கமும் விட்டுப் போயிருந்தது. நானாக இருந்தாலும் 5-தான் போட்டிருப்பேன். ஆனால் அவளுக்கு, பரீட்சை ஹாலில் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்த நிமிஷத்திலேயே 8 கிடைத்துவிட்டது. அண்ணனிடமும் மதினியிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். வராத அந்த 3 மார்க்கை யாரோ தன்னிடமிருந்து எடுத்துவிட்டதாகவே ஒரு மாதமாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தாளைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் அடங்கியது. "செரி, விடுங்க" என்று அவளே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மறுமதிப்பீடு இதைச் செய்யாது.

திருத்துகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. தாளில் டம்மி நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. கையில் கீ, அதாவது விடைக் குறிப்பு, 75-க்குக் கூட்டிப் போடுகிறோம். ஓ, ஏ பிளஸ் என்கிற கிரேடு எங்கள் கண்ணில் படுவதே இல்லை, அது இன்டர்னல் 25-ஐச் சேர்த்து ஆபீஸில் கம்ப்யூட்டர் போடுவது. பிள்ளைகளோ அந்த எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கக் கேம்பஸுக்கு வருகிற கம்பெனி 60 சதவீதம் கேட்கும், அரியர் இருக்கக்கூடாது என்று சொல்லும். நாங்கள் ஒரு விடைக்குப் போடுகிற மார்க்கை அவர்கள் மூன்று வருஷப் படிப்புக்கான தீர்ப்பாக வாங்கிக்கொள்கிறார்கள். "மேடம், ராத்திரி பகலா படிச்சேன், இவ்வளவுதானா?" என்று கேட்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. படித்தது தாளில் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் எங்களால் பார்க்க முடியும்.

வணிகச் சட்டத் தாளில் எனக்கே வருத்தம். செல்லத்தக்க ஒப்பந்தத்தின் இன்றியமையாத கூறுகள், 8 மார்க். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைச் சொல்லித் தொடங்கியிருக்க வேண்டும், அதை எழுதவில்லை. ஆனால் முனைவு (ஒருவர் முன்வந்து கேட்பது), ஏற்பு, மறுபயன் (பதிலுக்குத் தருவது), தகுதி, தன்னிச்சையான இசைவு, சட்டமுறையான நோக்கம் ஆறும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் உதாரணமும் இருக்கிறது. போட்டது 3. ஓரத்தில் பிரித்துப் போட்ட மார்க் எதுவும் இல்லை, கடைசியில் ஒரு வட்டத்துக்குள் 3 மட்டும். இந்தத் தாளுக்கு மட்டும் மறுமதிப்பீடு போடச் சொன்னேன். தாளின் மொத்தம் 41 என்பது 44 ஆனது. எந்தக் கேள்வியில் கூடியது, ஏன் கூடியது என்று ஒரு வார்த்தை கிடையாது, புது மொத்தம் மட்டும் வந்தது. மறுமதிப்பீட்டுக்கு 700 ரூபாய் வாங்குகிறவர்கள் திருத்தின தாளைத் திரும்பக் காட்டலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார். "நகலுக்கு வேற தனியா கட்டணுமா மேடம்? நான் நேரா மறுமதிப்பீடே போட்டுருதேன்" என்று போட்டாள். மாற்றம் இல்லை என்று வந்தது. பணமும் போனது, தான் எங்கே தவறவிட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியாமலே போனது. நகல் வாங்கின பிள்ளை மறுமதிப்பீடு போட்டால் அந்த 300-ஐக் கழித்துக்கொள்ளட்டும். கட்ட முடியாத பிள்ளைக்கு, ஆபீஸிலேயே தாளை உட்கார்ந்து பார்க்க இலவசமாக விடட்டும்.

என்னோடு பேப்பர் திருத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 8 மார்க் விடைக்கு ஓரத்தில் 1, 1½, 2 என்று பிரித்துப் போடுங்கள். கை வலிக்கிற வேலைதான், கட்டு முடிய நேரமும் கூடும். நகலைத் திறக்கிற பிள்ளைக்கு நம் கணக்கு புரிவது அதில்தான்.

குறைகள் இருந்தாலும் நகல் வாங்கச் சொல்வேன். மறுமதிப்பீட்டுக்கு முன், கட்டாயமாக. வாங்கினால் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள், அந்தப் பாடம் எடுத்தவரிடம் கொண்டு போங்கள். மறக்காமல் கேள்வித்தாளையும் எடுத்துப் போக வேண்டும். பரீட்சை முடிந்த அன்றைக்கே பாதிப் பேர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் நகலை மட்டும் நீட்டினால், எந்த ஆசிரியராலும் மறுமதிப்பீடு போடலாம், போட வேண்டாம் என்று சொல்ல முடியாது.