மழைநாட்டில் ஒரு இ-ரீடர்: ஏழு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கன்னியாகுமரி மாவட்டத்தில் புத்தகம் சேர்ப்பவர்களுக்கு ஈரம்தான் முதல் பகை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், அது விட்டு வெயில் முகம் காட்டுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கும். என் வீடு திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். வேப்பிலை, வசம்பு, பாச்சை உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. பூச்சி கொஞ்சம் அடங்கும், பூஞ்சை அடங்காது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஓடுகள் பறந்து, சுவர் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. சாதாரணத் தாளில் அச்சான நாவல்கள் உப்பிப் போனாலும், காயவைத்த பிறகு வளைந்த முதுகோடு பிழைத்துக்கொண்டன. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வந்த புத்தகங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தாளின் மேல்பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் திண்ணையில் விரித்த புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் போடுவதே வேலையாக இருந்தது. அடுத்த வருடம், மின்னூல் வாசிப்பதற்கென்றே இருக்கும் கருவியான இ-ரீடர் ஒன்று வாங்கினேன்.

எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. ஆறு அங்குலக் கருப்பு வெள்ளைத் திரை, முன்விளக்கு, இருநூறு கிராமுக்குள் எடை. நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம்மூரில் எதைக் கையில் வைத்திருந்தாலும் அமேசான் கருவியின் பெயரான கிண்டில் என்றுதான் சொல்கிறார்கள். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறைப்படி வந்தது 2016 டிசம்பரில். தமிழ் வாசகர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

இந்தத் திரையை போன் திரையோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஈ-இங்க் எனப்படும் இந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கும். மின்புலம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அங்கேயே நின்றுவிடும் என்பதால் பக்கம் மாறும் நேரத்தில் மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். விளக்கும் பின்னாலிருந்து கண்ணில் அடிக்காது. ஓரத்திலிருந்து திரையின் மேல் படியும். முட்டம் கடற்கரையில் உச்சி வெயிலில் போனில் ஒரு வரி தெரியாது, இதில் அச்சுத்தாள் மாதிரித் தெரியும்.

நான் அதிகம் வாசிப்பது பஸ்ஸில். அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். ஒரு கை மேல்கம்பியில் இருக்கும்போது தடித்த நாவலை மறு கையால் விரித்துப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் பக்கம் புரட்ட முடியாது. இ-ரீடரில் கட்டைவிரலால் தொட்டால் போதும். மழை வந்தால் எல்லாரும் ஷட்டரை இழுத்து விடுவார்கள், பகல் பத்து மணிக்கே பஸ்ஸுக்குள் இருட்டிவிடும். அப்போது விளக்கை நாலைந்து புள்ளி ஏற்றிக்கொள்வேன். இந்த வருடங்களில் நான் வாசித்த பெரிய நாவல்களில் பாதிக்குமேல் இப்படி நின்றுகொண்டு வாசித்தவைதான். அச்சுப் புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால் அவற்றைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அதைவிடப் பெரிய பலன் அம்மாவுக்கு. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன்பிருந்தே அவர் புத்தகத்தை விட்டுவிட்டார். சிகிச்சைக்குப் பிறகு பார்வை வந்தது, ஆனால் பழைய பதிப்புகளின் பொடி எழுத்தை வாசித்தால் தலைவலி. ஒரு மாலை, நாட்டுடைமையான பழைய தொடர்கதை ஒன்றை இதில் திறந்து, எழுத்தை மூன்று படி பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் கூட்டிக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கம் தள்ளியவர், "மக்களே, இந்த வெட்டத்த மட்டும் கொஞ்சம் கொறச்சித் தா, பொறவு நீ போ" என்றார். வெட்டம் என்றால் எங்கள் ஊரில் வெளிச்சம். இப்போது இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு கருவி அவருடையது. நான் வாசிக்க வேண்டுமென்றால் பத்து மணி வரை காத்திருக்கிறேன். வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் இதற்காகவே ஒன்று வாங்கலாம்.

சரி, தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது? எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் செய்த மின்னூல் என்றால் நன்றாகவே தெரிகிறது. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். இதில் அப்படி உடைப்பதில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொல்தான் நிற்கும், இரண்டு ஓரத்தையும் சமமாக்குவதற்காக நடுவில் அகழி மாதிரி வெற்றிடம் விழும். அமைப்பில் போய் இடதுபக்க ஒழுங்குக்கு மாற்றினால் பிரச்சினை பாதி தீரும். புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

செய்யுளுக்கு இது ஆகாது. வெண்பாவின் கடைசி அடி முச்சீராக முடியும் அந்த வடிவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே நாற்சீர் அடியின் நாலாவது சீர் கீழே தனியாக விழுந்து, எது எந்த அடி என்றே தெரியாமல் போகிறது. உரைநூல்களும் இப்படித்தான். மூலத்துக்கு ஒரு விரல், உரைக்கு ஒரு விரல், அரும்பத அகராதிக்கு இன்னொரு விரல் என்று வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போகும் வாசிப்பு திரையில் நடக்காது. கவிதையும் இலக்கண உரைகளும் எனக்கு இன்றும் அச்சில்தான்.

பிடிஎஃப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் அந்த வடிவில்தான் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பதிப்புகள் ஏராளம். ஆனால் அவை ஸ்கேன் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். ஆறு அங்குலத் திரையில் முழுப்பக்கமும் சுருங்கி எறும்பாகத் தெரியும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பி அரைப்பக்கமாக வாசிக்கலாம். இல்லையென்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள், பக்க ஓரங்களை வெட்டி வரிகளைச் சிறிய திரைக்கேற்ப அடுக்கித் தரும். அது எழுத்தைப் படமாகவே நறுக்கி வைப்பதால் மொழி எதுவானாலும் வேலை செய்கிறது. அச்சு சாய்ந்திருக்கும் பழைய நூல்களில் மட்டும் சொதப்பும்.

இன்னொரு வகை பிடிஎஃப் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன்பு பாமினி மாதிரியான எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. பார்க்கத் தமிழாக இருக்கும். கலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் போட்டு, இ-பப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகுதான் மின்னூலாக்க முடியும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வேலை.

இந்தத் தொல்லை இல்லாமல் வாசிக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பு இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் டிஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைகளில் வந்த அதன் நூல்கள் பின்பு யூனிகோடுக்கு மாறின. எங்கள் மாவட்டத்துத் தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் எழுத்துகளை எந்தக் கட்டணமும் இல்லாமல் வாசிக்கலாம். அவர் மறைந்தது 1954-இல். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரைதான் இந்தியாவில் காப்புரிமை, அது 2014-உடன் முடிந்துவிட்டது. ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளத்தில், எழுதியவர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்த நூல்கள் இ-பப் வடிவில் கிடைக்கின்றன.

விலையைப் பார்த்தால் தமிழ் மின்னூல் பொதுவாக அச்சு விலையைவிடக் குறைவு. ஆனால் வரி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு உண்டு. முதலில் 18 சதவீதமாக இருந்ததை, அச்சுப் பதிப்பும் உள்ள நூல்களுக்கு மட்டும் 2018-இல் 5 ஆகக் குறைத்தார்கள். அதே ஆசிரியர், அதே எழுத்து. தாளில் வந்தால் ஒரு நியாயம், திரையில் வந்தால் வேறு நியாயம் என்பது சரியல்ல.

இ-ரீடரால் எனக்கு நேர்ந்த உண்மையான இழப்பு இரவல். நான் வாசகனானதே இரவல் புத்தகங்களால்தான். ஊர்க் கிளை நூலகம், பக்கத்து வீட்டு ஆசிரியரின் அலமாரி, தக்கலையில் ஒரு நண்பர் வீட்டு மாடி. பக்கங்களுக்கு நடுவில் யாரோ வைத்த கோயில் திருவிழா நோட்டீஸ் இருக்கும், யாரோ பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள், ஓரத்தில் "இது தவறு" என்று எழுதியிருப்பார்கள். எனக்கு முன்னால் ஒருவர் இந்தப் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறார் என்று தெரிவது பெரிய துணை. கடையில் வாங்கும் மின்னூல் நம் சொத்தல்ல, வாசிக்கும் அனுமதி மட்டும்தான். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, உரிமை இல்லாதவர் விற்றார் என்ற காரணத்தால், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அப்படி நடக்க முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பீரோவில் இருக்கும் புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

அதனால் இப்போது வாங்கும் முறையே மாறிவிட்டது. ஒருமுறை வாசித்தால் போதும் என்று தோன்றுவதை மின்னூலாக வாங்குகிறேன். இன்னொருவர் கையில் கொடுக்கத் தோன்றும் புத்தகத்தை அச்சில் வாங்குகிறேன், சில சமயம் மின்னூலில் முடித்த பிறகும். காப்புரிமை முடிந்தவற்றையும் கிரியேட்டிவ் காமன்ஸ் நூல்களையும் அக்கா பிள்ளைகளின் போனுக்கு இ-பப்பாகவே அனுப்பிவிடுகிறேன். இந்த இரவலைத் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. பீரோவில் கூட்டம் குறைந்ததால் மிச்சமிருக்கும் புத்தகங்களுக்கு நடுவே காற்றுப் போகிறது, பூஞ்சையும் குறைந்திருக்கிறது.

கருவியின் உடல்நிலை: பேட்டரி ஆரம்பத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நின்றது, இப்போது ஒரு வாரம். நாகர்கோவிலில் மொபைல் கடைகளில் கேட்டதற்கு இதற்கான பேட்டரி வருவதில்லை என்றார்கள். சில நேரம் முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகப் பின்னால் தெரியும். திரை ஒருமுறை முழுதாகப் புதுப்பித்துக்கொண்டால் போய்விடும். பெரும்பாலான ஈ-இங்க் திரைகளுக்குள் மெல்லிய கண்ணாடித் தகடு உண்டு. பையில் டிபன் பாக்ஸ் அழுத்தியே நண்பர் ஒருவரின் திரை விரிசல் விட்டது. கெட்டியான உறை இல்லாமல் வெளியே எடுக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தால் அது தண்ணீருக்கான தரம் மட்டுமே. அதிலுள்ள எக்ஸ், தூசு மணலுக்கு மதிப்பீடு தரவில்லை என்பதைக் குறிக்கிறது. குளச்சல் மணல் சார்ஜர் துளைக்குள் போனால் நம் பாடு.

அடுத்து வாங்கும்போது ஏழு அங்குலத்துக்குக் குறையாத திரையும், விளக்கின் நிறத்தை மஞ்சளாக மாற்றும் வசதியும், டைப்-சி சார்ஜரும் பார்ப்பேன். பிடிஎஃப்தான் அதிகம் வாசிப்பீர்கள் என்றால் பத்து அங்குலத்துக்குப் போங்கள், விலை கூடுதலானாலும் கண்ணுக்கு நல்லது. தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் ஒரு மாலை வாங்கி, தமிழ் நாவல் ஒன்றை உங்களுக்கு வசதியான எழுத்தளவில் ஐம்பது பக்கம் வாசித்துப் பாருங்கள். அப்புறம் பணம் கட்டலாம்.