ஹானியா துறைமுகத்தில் மீன் சாப்பிடப் போகிறவர்களின் கவனத்துக்கு

கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள ஹானியாவுக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், அங்குள்ள பழைய துறைமுகக் கரையில் மீன் சாப்பிட உட்காருவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த செப்டம்பரில் நானும் என் கணவரும் என் நாத்தனாரும் அங்கே நான்கு நாள் தங்கியிருந்தோம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு 187 யூரோ கொடுத்துவிட்டு எழுந்தோம். அதில் ஏறத்தாழ 50 யூரோ எடையில் பொய் சொல்லி வாங்கப்பட்டது என்பது மறுநாள்தான் எங்களுக்கு உறுதியானது.

ஊரின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகம், 1645இல் ஒட்டோமானியர் ஊரைக் கைப்பற்றிய பின் நீரோரத்தில் எழுந்த பள்ளிவாசலின் குவிமாடங்கள், கிரீட் கிரேக்கத்துடன் இணைந்ததற்கு அடையாளமாக 1913 டிசம்பர் 1 அன்று கொடியேற்றப்பட்ட ஃபிர்காஸ் கோட்டை, எதிரே அலைதடுப்புச் சுவரின் முனையில் நிற்கும் கலங்கரை விளக்கம் என எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அது. அந்தி வெளிச்சத்தில் அங்கே நிற்பவருக்கு நகர மனம் வராது. அந்த நேரம் பார்த்துத்தான் உணவக வாசல்களில் நிற்பவர்கள் பட்டியலை நீட்டி அழைக்கிறார்கள்.

நாங்கள் உட்கார்ந்த உணவகத்தில் பரிமாறுபவர் எங்களை உள்ளே அழைத்துப்போய், பனிக்கட்டிமேல் பரப்பிவைத்திருந்த மீன்களைக் காட்டினார். கிரேக்கத்தில் அது நெடுநாள் வழக்கம். வாடிக்கையாளர் தன் மீனைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர்ச் சங்கராவைப் போல இளஞ்சிவப்பு படர்ந்த ஃபாக்ரி என்ற மீனை அவர் செவுளைத் திறந்து காட்டினார். இரத்தச் சிவப்பாக இருந்தது. பட்டியலில் கிலோ 70 யூரோ என்று அச்சிட்டிருந்தது. எவ்வளவு எடை இருக்கும் என்று என் கணவர் கேட்டதற்கு, "மூன்று பேருக்குச் சரியாக இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீனை ஒரு தட்டில் போட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். எடைக்கல்லோ தராசோ எங்கள் கண்ணில் படவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி, எங்கள் முன்னால் நிறுத்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும்; நாங்கள் சொல்லவில்லை.

நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த என் நாத்தனாருக்கு மீன் வாங்குவதில் நாற்பது ஆண்டுப் பழக்கம். வறுத்த மீன் மேசைக்கு வந்ததும் தலையிலிருந்து வால்வரை கையால் சாண் போட்டுப் பார்த்து, "சரியா ரெண்டு சாண். ஒண்ணேகால் கிலோகூட வராதும்மா" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பார்க்க வேண்டாமே என்று நான்தான் அவரை அடக்கினேன். பில் வந்தபோது மீன் 1.9 கிலோ, 133 யூரோ என்று எழுதியிருந்தது. அதைத் தவிர, நாங்கள் கேட்காமலேயே "இதையும் சுவைத்துப் பாருங்கள்" என்று கொண்டுவந்து வைத்த ஒரு தட்டுக்கு 18 யூரோ போட்டிருந்தார்கள்.

பில் என்று நான் சொல்வது, குறிப்பேட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட சிறு தாள். நீல மையில் சில கிரேக்க எழுத்துகளும் எண்களும் இருந்தன. கடையின் பெயரோ வரி எண்ணோ தேதியோ இல்லை. முறையான ரசீது வேண்டும் என்று கேட்டபோது, அட்டை இயந்திரத்திலிருந்து வரும் சீட்டுதான் ரசீது என்றார்கள். அந்த இயந்திரம் யூரோவா இந்திய ரூபாயா என்று கேட்டபோது, எங்களிடம் காட்டாமலேயே பரிமாறியவர் ரூபாய்ப் பொத்தானை அழுத்திவிட்டார். அன்றைய வங்கி விகிதத்தோடு ஒப்பிட்டால் அதில் மட்டும் எங்களுக்கு ஏறத்தாழ 1,300 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தும்போது எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், இயந்திரத்தை நம் கையில் வாங்கி நாமே அழுத்த வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் அந்த அவசரத்தில் தவறவிட்டேன்.

மறுநாள் மாலை, துறைமுகத்திலிருந்து விலகி ஸ்பிளாந்த்சியா பகுதியில் ஒரு சிறிய உணவகத்துக்குப் போனோம். அதை நடத்துபவர் வயதான அம்மையார் ஒருவர். நாங்கள் அதே ஃபாக்ரி மீனைக் கேட்டோம். அவர் மூன்று மீன்களை எடுத்துக் காட்டினார். என் நாத்தனார் மீண்டும் சாண் போட்டு, முந்தைய நாள் மீனின் அளவிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அம்மையார் அதைத் தராசில் வைத்து, எண் தெரியும் பக்கத்தை எங்களை நோக்கித் திருப்பினார். 1 கிலோ 180 கிராம் காட்டியது. அந்த எடையையும் விலையையும் ஒரு தாளில் எழுதி எங்களிடம் கொடுத்த பிறகுதான் மீன் அடுப்புக்குப் போனது.

முந்தைய இரவு கிடைத்த தாளை நாங்கள் அவரிடம் காட்டினோம். அவர் முகம் வாடிவிட்டது. தம் உணவகத்துப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். சட்டப்படியான ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதே அந்த வரி. கிரேக்க உணவகங்களின் பட்டியல்களில் இந்த வாசகம் சட்டப்படி இடம்பெறுவது. முதல் நாள் இரவு எங்கள் கையில் இருந்த பட்டியலிலும் அது இருந்தது. என் கணவர் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால், கிழித்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு, ரசீது வரும்வரை அட்டையை எடுக்காமல் உட்கார்ந்திருப்போம்.

இன்னும் இரண்டு செய்திகளை அந்த அம்மையாரிடமிருந்து அறிந்தோம். உறைய வைத்த மீன், இறால், கணவாய் ஆகியவற்றின் பெயருக்கு அருகில் பட்டியலில் நட்சத்திரக் குறியோ சுருக்கக் குறிப்போ போட்டிருப்பார்கள். புதிய மீன் விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது. ரொட்டிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பில்லில் சேர்வது அங்கே வழக்கம். பட்டியலில் குறித்திருந்தால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு முடிவில் அவர் திராட்சைச் சக்கையிலிருந்து வடித்தெடுக்கும் சிகூடியா என்ற மதுவையும் முலாம்பழத் துண்டுகளையும் கொண்டுவந்தார். முந்தைய இரவின் 18 யூரோ தட்டை நினைத்து நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். அது கிரீட்டில் விருந்தினருக்கு விலையின்றித் தருவது என்று அவர் பக்கத்து மேசைக்காரர் மூலம் எனக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அன்பாகத் தந்ததை நான் சந்தேகத்தோடு பார்த்தேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பறிபோன பணத்தைவிட அதற்காகத்தான் அந்த முதல் உணவகத்தின் மீது எனக்குக் கோபம்.

கிரேக்கத்தில் சுற்றுலாக் காவல் துறையின் எண் 1571. நுகர்வோர் புகாருக்கு 1520. தாளின் படம், பட்டியலின் படம், அட்டைச் சீட்டு ஆகிய மூன்றையும் இணைத்து, ஊர் திரும்பியபின் நாங்கள் எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறோம். ரூபாய் மாற்றத்தைப் பற்றி எங்கள் வங்கிக்குத் தனியாக எழுதினோம்; வாடிக்கையாளர் ஒப்புதலுடன் நடந்த பரிவர்த்தனை என்று கூறி அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கிரேக்கத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.