ஸ்கொட்லாந்து வம்சாவளி தேடித் தருகிறோம் என்பவர்களுக்குக் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஸ்கொட்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்த மூதாதையரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு சேவை எங்கள் குடும்பத்திடம் இரண்டாயிரம் டொலருக்கு மேல் வாங்கிக்கொண்டு ஒரு பொய்ப் புத்தகத்தைத் தந்திருக்கிறது. முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன். பெயரை நாளைக்கே மாற்றிவிடலாம், விதம் மாறாது.

தமிழில் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே கனடாவில் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் ஸ்கொட்டிஷ் வழிவந்த குடும்பங்களில் கலியாணம் முடித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துப் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்தவர்களில் தோட்டத்துரை வழியில் ஒரு பூட்டனைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1867இல் இலங்கையின் லூல்கந்துராத் தோட்டத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரே ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர்தான். அவரைப் போல வந்த துரைமாருக்குத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலருடைய ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரே எழுதப்படவில்லை. எங்கே பதிவு இல்லையோ அங்கேதான் இந்த வியாபாரிகள் நுழைகிறார்கள்.

என் கணவரின் தாயாரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவில் ஐயோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், மக்நீல் குடும்பம். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு மக்நீல் வந்து கதவைத் திறப்பார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றான பாராவிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்து குடியேறிய இடம் அது. வீட்டில் கேலிக் மொழி பேசி வளர்ந்தவர் மாமி. தகப்பன் சொல்லிக் கொடுத்த தலைமுறை வரிசை அவருக்கு மனப்பாடம்: கப்பலில் வந்தவர் ரோரி, அவர் ஈயனின் மகன், ஈயன் நீலின் மகன், நீல் டொனால்டின் மகன். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் இப்படிச் சொன்னால்தான் ஆளை அடையாளம் தெரியும். பாராவில் எந்தக் கிராமத்திலிருந்து ரோரி புறப்பட்டார் என்பது ஒன்றுதான் மாமிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

காகிதத்தில் எங்களிடம் இருந்தது கொஞ்சம். 1871 குடிசன மதிப்பீட்டில் ரோரி இருக்கிறார், வயது 60, பிறந்த இடம் ஸ்கொட்லாந்து, சமயம் கத்தோலிக்கம். 1881இலும் இருக்கிறார். 1891இல் இல்லை. ஆகவே இடையில் எப்போதோ இறந்திருக்கிறார். ஆனால் மரணப் பதிவு கிடைக்காது. நோவா ஸ்கோஷியாவில் அரசாங்கம் பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1864இல். 1877இல் அதை நிறுத்திவிட்டார்கள். திரும்பத் தொடங்கியது 1908 ஒக்டோபரில். அந்த முப்பது வருடத்தில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் தேட தேவாலயப் பதிவேடும் கல்லறைக்கல்லும் பழைய பத்திரிகையும்தான் கதி. ரோரிக்குக் கல்லறைக்கல்லும் இல்லை.

இதையெல்லாம் எழுதி அந்தச் சேவைக்கு அனுப்பினோம். மாமி சொன்ன தலைமுறை வரிசையையும் ஒலிப்பதிவு செய்து அனுப்பினோம். முதல் தவணை கட்டியதும் இனிமையான மின்னஞ்சல்கள் வந்தன. பிறகு "முக்கியமான கண்டுபிடிப்பு, ஸ்கொட்லாந்தில் மேலதிக ஆய்வு தேவை" என்று இரண்டாம் தவணை. பிறகு "குடும்பச் சின்னம்" ஒன்றைப் படச்சட்டம் போட்டுத் தருவதற்கு இன்னொரு தொகை. கடைசியில் தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம் வந்தது. அட்டையில் பாராவின் கிஸிமுல் கோட்டை, உள்ளே ஆறு தலைமுறைக்கு மரம். மாமி அதை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். "எங்கட அப்பா சொன்ன பெயர் ஈயன். இதில ரோரியின் தகப்பன் அலெக்சாண்டர் என்று கிடக்கு. அப்ப எங்கட அப்பா எனக்குப் பொய்யா சொல்லித் தந்தவர்?" என்று கேட்டார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன், கேள்வி அதேதான்.

அதற்குப் பிறகுதான் நானும் கணவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

முதலாவது, 1811ஆம் ஆண்டுக்கான ரோரியின் "பிறப்புச் சான்றிதழ்". ஸ்கொட்லாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1855 ஜனவரி 1ஆம் திகதி. அதற்கு முன் பிறந்த ஒருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. இருப்பது பங்குப் பதிவேடுகளில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்குரிய ஊர்ப்பகுதி) ஞானஸ்நானக் குறிப்பு, அதுவும் எழுதியிருந்தால்தான். அரசாங்கம் 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டபோது பலர் பதியாமலே விட்டார்கள். 1794இல் வரியை எடுக்கும் வரைக்கும் அந்த நிலைமைதான். மேற்குத் தீவுகளில் பல இடங்களில் திருச்சபைப் பதிவேடே 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. பாரா போன்ற கத்தோலிக்கத் தீவுகளில் சனங்கள் புரட்டஸ்தாந்து சமயத்ததான ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பதிவேட்டுக்கு வந்ததே அரிது. ஆகவே அழகான எழுத்தில் 1811க்கு ஒரு சான்றிதழ் வந்தால் அதைக் கணினியில் தயாரித்தார்கள் என்றே அர்த்தம்.

அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு உண்மையான ஞானஸ்நானக் குறிப்பு இருந்தது. இதுதான் விஷயத்தின் மையம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்கொட்லாண்ட்ஸ் பீப்பிள் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுவதற்குக் காசு இல்லை. பதிவின் படத்தைத் திறக்க அப்போது ஒன்றரைப் பவுண் ஆனது. திறந்து பார்த்தோம். அந்த ரோரி ஞானஸ்நானம் பெற்றது பாராவில் இல்லை, கிகா தீவில். கிகா இருப்பது ஆர்கைல் கரையோரத்தில். அங்கேயும் மக்நீல்கள் இருந்தார்கள், ஆனால் அது வேறு கிளை, புரட்டஸ்தாந்துப் பகுதி. பாரா மக்நீல்களோடு சேர்த்துக் குழப்புவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. காரணமும் புத்தகத்திலேயே இருந்தது. கிகா கிளையைப் பிடித்தால் நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் கொண்டுபோய் ஒட்டலாம். கடலோரத்தில் உருளைக்கிழங்கு நட்டு வாழ்ந்த ஒரு பாராக் குடும்பத்தைவிட அது புத்தகத்தில் எடுப்பாக இருக்கும்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டோம்: கிகாவில் பிறந்த அந்தப் பிள்ளை ஸ்கொட்லாந்தை விட்டுப் போனதுதான் உறுதியா? 1851 குடிசன மதிப்பீட்டிலிருந்து ஸ்கொட்லாந்தில் ஒருவர் எந்தப் பங்கில் பிறந்தார் என்று எழுதுகிறார்கள். அதில் கிகாவில் பிறந்த ரோரி மக்நீல் கிரீனொக்கில் துறைமுகத் தொழிலாளியாக இருக்கிறார். 1862இல் அங்கேயே இறந்துவிட்டார். 1855க்குப் பிந்திய ஸ்கொட்டிஷ் மரணப் பதிவில் தகப்பன் பெயரும், தாயின் கன்னிப்பெயரும் இருக்கும். இரண்டும் அந்த ஞானஸ்நானக் குறிப்போடு அச்சொட்டாகப் பொருந்தின. 1862இல் கிரீனொக்கில் புதைக்கப்பட்டவர் 1871இல் கேப் பிரெட்டனில் வீட்டுத் தலைவராகப் பெயர் கொடுக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆன செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. இரண்டாயிரம் டொலர் வாங்கியவர்கள் இதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மறைத்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"கப்பல் பயணிகள் பட்டியல்" என்று பழுப்பு நிறத் தாளில் ஒன்று இருந்தது. கப்பலின் பெயர், கப்டனின் பெயர், ரோரியின் பெயர், அவருடைய ஊர் எல்லாம் தட்டச்சில். எங்கிருந்து எடுத்தது, எந்தக் காப்பகத்தின் எந்த இலக்கம் என்று ஒரு வரி இல்லை. கனடாவுக்கு வந்தவர்களின் பட்டியல்களில் 1865க்கு முந்தியவை மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. கியூபெக் துறைமுகத்துக்கு 1865இலிருந்து, ஹலிஃபாக்ஸுக்கு 1881இலிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கும். 1773இல் ஸ்கொட்டிஷ் குடியேறிகளோடு நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவுக்கு வந்த ஹெக்டர் கப்பல் இங்கே எல்லோரும் கேள்விப்பட்டது. அதன் பயணிகள் பட்டியலே பல பத்தாண்டுகள் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியதுதான். 1820களில் பாராவிலிருந்து வந்த ஒரு ஏழைக் குடும்பத்துக்கு முழு விவரத்தோடு ஒரு பட்டியல் கிடைத்தால் அசல் படத்தைக் கேளுங்கள்.

பெயர்களில் செய்த கூத்து இன்னும் மோசம். மாமியின் பூட்டிக்கு வீட்டில் ஓய்ரிக் என்று பெயர். கேலிக் பெயரைப் பாதிரியாரும் எழுதுவினைஞரும் தங்களுக்கு வந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ஓய்ரிக் ஒரு இடத்தில் எஃபி, இன்னொரு இடத்தில் யூஃபீமியா. இதேபோலத் தோர்மொத் நோர்மன் ஆவார், கில்யெஸ்பிக் ஆர்ச்சிபோல்ட் ஆவார். மேற்குத் தீவுகளின் பதிவுகளைத் தொட்டவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்கும். அந்தப் புத்தகத்தில் மாமியின் பூட்டனுக்கு இரண்டு மனைவிகள், எஃபி ஒருத்தி, யூஃபீமியா ஒருத்தி. மாமியின் பாட்டனாரை இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பேரன் பேத்திகளுக்கு அச்சில் கொடுக்கிற புத்தகத்தில்!

குடும்பச் சின்னத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்கொட்லாந்தில் மரபுச் சின்னங்களுக்கு லோர்ட் லயன் நீதிமன்றம் பொறுப்பு, 1672இலிருந்து பதிவேடு இருக்கிறது. சின்னம் தனி ஒருவருக்குரியது, ஒரு குடும்பப் பெயருக்குப் பொதுச் சின்னம் என்று ஒன்று இல்லை. எங்களுக்குச் சட்டம் போட்டு விற்றது வேறு யாருடையதோ. அதைச் சுவரிலிருந்து கழற்றியது மாமிதான், நாங்கள் சொல்லவில்லை.

இதையெல்லாம் படங்களோடு எழுதி அனுப்பினோம். "வம்சாவளி ஆய்வில் முழு உறுதி என்று எதுவும் இல்லை, ஆய்வாளரின் கருத்தே தரப்படுகிறது" என்று பதில் வந்தது. அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் "உறுதிப்படுத்தப்பட்டது" என்ற முத்திரை எதற்கு? அந்தக் கேள்விக்குப் பிறகு பதிலே இல்லை. கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டிருக்கிறோம். சின்னத்துக்குக் கொடுத்த காசு மட்டும் இதுவரை திரும்பி வந்திருக்கிறது.

இந்தத் துறையில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். முறைப்பாடு எழுதும்போது ஸ்கொட்லாந்தில் தொழில்முறையாக இந்த வேலை செய்யும் ஒருவரிடம் சிறிய கட்டணத்துக்கு ஆலோசனை கேட்டோம். எங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "ரோரியோடு நிற்கிறது. பாராவில் எந்தக் கிராமம் என்று கனடாப் பக்கத்தில் ஒரு தடயம் கிடைக்கும்வரை இதற்கு மேல் என்னிடம் காசு செலவழிக்க வேண்டாம்" என்று நேரே சொன்னார். தலைமுறை வரிசையை மிகப் பெறுமதியான சாட்சி என்றார். பழைய இரங்கல் குறிப்புகளில் தேடச் சொன்னார். நோவா ஸ்கோஷியாவின் அன்டிகோனிஷில் 1852இலிருந்து வெளிவரும் த காஸ்கெட் பத்திரிகையில் சில சமயம் இறந்தவரின் தகப்பன் ஸ்கொட்லாந்தில் எந்த இடத்தவர் என்று இருக்குமாம். கேப் பிரெட்டன் தீவின் சிட்னி நகரில் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டன் நிலையம் என்ற ஆவணக் காப்பகத்தையும் பார்க்கச் சொன்னார். மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்டேன். இப்படிப்பட்ட தீவுகளில் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் கலியாணம் நடந்ததால் தூரத்து உறவும் கிட்டிய உறவு போலக் காட்டும், கவனம் என்றார்.

யாருக்காவது காசு கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டும் முன் அவர்கள் வேறு குடும்பத்துக்குச் செய்த அறிக்கை ஒன்றை மாதிரிக்குக் கேளுங்கள், பெயர்களை மறைத்துத் தரட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் காப்பகத்தின் பெயரும் இலக்கமும் அசல் படமும் இருக்கிறதா என்று பாருங்கள். "இங்கே பதிவு இல்லை", "இரண்டு பேரில் யாரென்று சொல்ல முடியவில்லை" என்ற வரிகள் எங்கேயாவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். எங்களுக்கு வந்த புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தின் பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளையும், கனடா தேசியக் காப்பகத்தின் குடிசன மதிப்பீடுகளையும் காசில்லாமல் பார்க்கலாம். முதல் நான்கு தலைமுறையை நீங்களே வீட்டிலிருந்து செய்யலாம்.

யாருக்காவது 1855க்கு முந்திய ஸ்கொட்டிஷ் "பிறப்புச் சான்றிதழ்", பழுப்புத் தாளில் கப்பல் பட்டியல், சட்டம் போட்ட குடும்பச் சின்னம் ஆகிய மூன்றும் ஒரே பொதியில் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டோடு சேர்க்க இன்னும் சில குடும்பங்களின் பிரதிகள் தேவைப்படுகின்றன.