வார்னிஷ் காயும் வரை எங்கே உட்காரலாம்?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மோனோபிளாக் பம்பு மோட்டார் எரிந்து வந்தால் பழைய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க ஒரு பகல் ஓடிவிடும். பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கமிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், போய்விட்டுத் திரும்பி வருவதற்கு இங்கேயே இருந்து வாங்கிப் போகலாம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பார்கள். அப்புறம் மெல்ல எழுந்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துவார்கள். "ஏனுங்கண்ணா, இங்க நல்ல கடை எதுங்க?"

என்ன கடை என்று நான் கேட்பதே இல்லை, குடிக்கிற கடைதான்.

முன்பெல்லாம் ஏதோ ஒரு கடைப் பெயரைச் சொல்லி அனுப்புவேன். போனவர் ஒருநாள் வந்து "அமிர்தம்ங்க" என்பார், அதே கடைக்குப் போன இன்னொருவர் "புளிச்ச தண்ணிங்க" என்று முகத்தைச் சுளிப்பார். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஒருவர் போனது காலை ஒன்பதரைக்கு, மற்றவர் போனது சாயங்காலம் நாலரைக்கு. அதிலிருந்து, யாராவது கேட்டால் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

சரி, எங்கள் ஊரைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். தோப்போரக் கள்ளு ஷாப்பு. மெயின் ரோட்டில், குடும்பத்தோடு வரலாம் என்று போர்டு போட்ட பெரிய ஷாப்பு. பாலக்காட்டுப் பக்கத்து பார் ஓட்டல். கேரள அரசாங்கத்தின் மதுக்கடையான பெவ்கோ. எல்லை தாண்டினால் நம்ம டாஸ்மாக். ஐந்தும் ஒரே சரக்கை விற்பவை அல்ல. ஆனால் நாலு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு ஐந்தும் போட்டிக் கடைகள்தான்.

தோப்போரக் கடையிலிருந்து தொடங்குகிறேன். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று எழுதி, கீழே ஒரு நம்பர் இருக்கும். உள்ளே நாலு பெஞ்ச், ஓடு வேய்ந்த கூரை, பின்னால் விறகடுப்பு. போர்டுதான் மலையாளம், உள்ளே பேச்செல்லாம் நம்ம பேச்சுதான். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பாதி அப்படி. கேரளத்தின் தென்மாவட்டக் கடைகளுக்குக் கூட இங்கிருந்துதான் பெர்மிட் வாங்கி வண்டி வண்டியாகக் கள் போகிறது. விடியற்காலையில் கேன்கள் ஏற்றிய ஜீப்பும் பிக்கப்பும் மேற்கே போவதைப் பார்த்தால் பால் வண்டி என்று நினைப்பீர்கள்.

தோப்புக்கு மோட்டார் மாட்டப் போகும்போது மரத்தடியில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, எலும்புத் துண்டால் நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் கத்தியால் வெற்றிலை கனத்துக்குச் சீவுகிறார்கள். சொட்டுச் சொட்டாகப் பானையில் இறங்குவது முதலில் வெறும் இனிப்புச் சாறு. காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடும், யாரும் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை நின்று பதநீர் ஆகிறது. தடவாவிட்டால் கள். இறக்கிய பிறகும் ஈஸ்ட் சும்மா இருக்காது. காலையில் இனிக்கும், மத்தியானம் உறைக்கும், சாயங்காலம் மூக்கில் ஏறும், மறுநாள் சமையலறைக்குப் போகும் வினிகர். அதனால்தான் ஒரே கடையில் ஒரே கேனிலிருந்து ஊற்றியதை ஒருவர் அமிர்தம் என்றதும் ஒருவர் புளித்தது என்றதும்.

எனவே காலையில் மோட்டார் கொண்டுவருகிறவருக்கு என் பரிந்துரையில் சந்தேகமே இல்லை: தோப்போரக் கடை, பத்து மணிக்குள். அங்கே "மதுரக்கள்ளு இருக்குங்களா?" என்று கேட்டால் போதும், இனிப்புக் கள்ளுக்கு அதுதான் பெயர். மத்தியானத்துக்கு மேல் என்றால், காலை இறக்கியதா, அந்திக்கள்ளா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்திக்கள் என்பது சாயங்காலம் புதிதாக இறக்கியது. காலை வந்தது அதற்குள் 'மூத்த கள்ளு' ஆகியிருக்கும். மூத்ததைத்தான் விரும்பிக் குடிப்பவர்களும் உண்டு. எனக்கு வயிறு கேட்காது.

மாசியிலிருந்து வைகாசி வரை வந்தால் பனங்கள்ளும் விசாரிக்கலாம். தென்னை வருஷம் முழுக்கக் கொடுக்கும், பனைக்கு அதன் பருவம்தான். ருசி தனி. பனங்கள்ளில் இனிப்புக்கு அடியில் ஒரு மண்வாசனை வரும். 

குறையும் சொல்ல வேண்டும். உட்காரும் இடம் வசதியாக இருக்காது. ஈ மொய்க்கும். தொட்டுக்கொள்ள அன்றைக்கு என்ன வெந்ததோ அதுதான். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்தி மீன் கறியும் இருந்தால் அதிர்ஷ்டம். சில நாள் கடலைதான். கறி காந்தாரி மிளகாயில் செய்திருந்தால் கள்ளைவிடக் கறிதான் கண்ணைக் கலக்கும்.

மெயின் ரோட்டு ஷாப்பு நேர் எதிர். மூங்கில் தட்டி மறைப்பு, குடும்ப அறை, ஃபேன், கை கழுவ வாஷ்பேசின். மெனு அட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள்: தாறாவு (வாத்து) ரோஸ்ட், காடை பொரிச்சது, முயல், பீஃப், கப்பைப் பிரியாணி, கருமீன். ஞாயிற்றுக்கிழமை வெளியே நிற்கும் கார்களில் பாதி டிஎன் 41, பொள்ளாச்சி வண்டிகள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்க முடியாது. பொள்ளாச்சியில் லட்சக்கணக்கில் தென்னை நிற்கிறது, ஆனால் சட்டப்படி ஒரு சொட்டு குடிக்க இருபது முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி இங்கேதான் வர வேண்டும். தடையை நீக்கச் சொல்லி அங்கே கள் இயக்கத்தார் எத்தனையோ வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழி உள்ள ஊரில், பனையடியில் நின்று கள்ளே குடிக்க முடியவில்லை.

சாப்பாட்டுக்கு மெயின் ரோட்டுக் கடையை அடித்துக்கொள்ள முடியாது. கள்ளுக்கு? அங்கேதான் எனக்குத் தயக்கம். கூட்டம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கும் கள் தீர்வதே இல்லை. மரம் ஞாயிற்றுக்கிழமைக்காக அதிகமாகச் சுரக்காது என்பது மரத்தடியில் நின்றவனுக்குத் தெரியும். ஒருதரம் அப்படிப்பட்ட ஒரு கடையில் இரண்டு குப்பி குடித்துவிட்டு மறுநாள் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கள்ளுக்குத் தலைவலி வராது என்று எங்கள் அப்பா சொல்வார். எது கலந்தார்கள், கலந்தார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம். அன்றிலிருந்து அங்கே தாறாவு மட்டும் சாப்பிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் அந்தக் கப்பையைப் பற்றி இன்னும் பேசுவார்.

பார் ஓட்டலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேரளத்தில் 2014-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூடினார்கள், 2017-ல் மூன்று நட்சத்திரத்துக்கும் மறுபடி திறந்தார்கள். அதனால் இங்கே பார் என்றால் மேலே ரூம்கள் உள்ள ஒரு கட்டடம் கட்டாயம் இருக்கும். கீழே தினம் குடிக்க வருகிறவர்களில் ஒருத்தரும் அந்த ரூமைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏசி உண்டு, சில்லென்று பீர் உண்டு, பில் வரும்போது வியர்க்கும்.  மழை கொட்டும் நாளில், கையில் காசும் கூடப் பேச ஒரு ஆளும் இருந்தால் போகலாம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போய்த் திரும்பும் நேரத்தைச் சேர்த்தால் என் வாடிக்கையாளருக்குக் கட்டுப்படியாகாது.

பெவ்கோவில் உட்கார இடமே இல்லை. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வரிசையில் நிற்கும் ஒழுங்கைப் பார்த்தால் ரேஷன் கடை வெட்கப்படும், யாரும் யாரையும் இடிப்பதில்லை. திருவல்லாவில் அரசு ஆலையில் தயாராகும் ஜவான் ரம், லிட்டர் பாட்டிலில் கிடைக்கும், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் தேதியன்று வராதீர்கள். மாதம் பிறந்தால் அன்றைக்குக் கடை கிடையாது. சம்பள நாளில் வீட்டுக்குக் காசு போகட்டும் என்று வைத்ததாம். எங்கள் ஊரில் முப்பதாம் தேதி சாயங்காலம் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்கள் சிரிப்பார்கள். இருபத்து மூன்று வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பொடியன்கள் மறந்துவிட்டு வருகிறார்கள்.

டாஸ்மாக் உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் என்ன சொல்ல? கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. மத்தியானம் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுவார்கள். பக்கத்திலேயே பார் இருந்தால் டம்ளரும் தண்ணீரும் சுண்டலும் கிடைக்கும். பெவ்கோவில் இல்லாத ஒரு வசதி அது: வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். உட்காரத்தான் மனசு வராது. காலை ஒன்பதுக்கு மோட்டார் கொடுத்தவருக்கு மூன்று மணி நேரம் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதால், என் கணக்கில் இது கடைசி.

பீர் ஆலை பற்றி ஒருவர் கேட்டார். கோவையில் வேலை பார்க்கும் தம்பி, பெங்களூரில் இருப்பதுபோல் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் இடம் பாலக்காட்டில் உண்டா என்று. அப்படி எதுவும் எங்கள் பக்கம் இல்லை. கஞ்சிக்கோட்டில் பெரிய பீர் ஆலை இருக்கிறது, ஆனால் அது பாட்டிலில் அடைத்து லாரியில் அனுப்பும் ஆலை, உள்ளே போய் உட்கார முடியாது. எலப்புள்ளியில் பெரிய மது ஆலை ஒன்றுக்கு 2025 ஜனவரியில் அமைச்சரவை அனுமதி கொடுத்ததும் ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. காரணம் சாராயம் அல்ல, தண்ணீர். பிளாச்சிமடையில் கொக்கோகோலா ஆலை 2000-ல் வந்து, நிலத்தடி நீர்ப் போராட்டத்தால் 2004-ல் மூடியது எங்கள் பக்கத்து ஊரில். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் முதலில் எரிவது மோட்டார், அது நேராக என் கடைக்கு வரும். எனக்கு லாபம்தான் என்று கிண்டல் செய்வார்கள். கிணறு வற்றிய விவசாயி காயில் கட்டின காசைக் கொடுக்க ஆறு மாதம் ஆகும் என்பது கிண்டல் செய்பவர்களுக்குத் தெரியாது.

பெங்களூரில் அக்கா பையன் ஒருமுறை அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப் போனான். கோதுமை பீர் கொடுத்தார்கள். வடிகட்டாமல், கலங்கலாக, லேசான பழ வாசனையோடு இருந்தது. ஒரு வாய் குடித்ததும் "இது நம்ம ஊர் மதுரக்கள்ளுக்குத் தம்பி முறைடா" என்றேன். ஈஸ்ட் உயிரோடு இருக்கும் எதற்கும் அந்தக் கலங்கல் இருக்கும். அவன் பில்லைக் காட்டினான். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் ஒரு குடும்பமே கப்பையும் மீனுமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கும்.

ஆக, என்னிடம் கேட்பவருக்கு நான் சொல்வது இப்படிப் போகும். காலை பத்துக்குள் என்றால் தோப்போரம். வீட்டு ஆட்களோடு, சாப்பாட்டுக்காக என்றால் மெயின் ரோட்டு ஷாப்பு, வேலை நாளில். மழைக்கும் நண்பனுக்கும் பார். வீட்டுக்கு வாங்கிப் போவது என்றால் பெவ்கோ. கள்ளையே வாங்கிப் போவதென்றால் வரம்பைத் தெரிந்துகொண்டு: கேரளத்துக்குள்ளேயே ஒருவர் கையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் கள் வைத்திருக்கக் கூடாது. எல்லை தாண்டிக் கள்ளைக் கொண்டுபோனால் ஒரு குப்பியானாலும் குற்றம்தான். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள், கேனை எண்ணெய்க் கேன் என்று சொல்லி ஏமாற்றியவர் யாரும் இல்லை, அதன் வாசனை அப்படி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் நூறு மில்லிக்கு முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. இனிக்கும் கள் ஏமாற்றிவிடும். மோர் மாதிரி இருக்கிறதே என்று இரண்டு குப்பியை இழுத்தவர், எழுந்து நிற்கும்போதுதான் தரை நகர்வதைக் கவனிப்பார். மோட்டாரோடு வருகிறவர்கள் ஓட்டுவதற்கு ஒரு ஆளைத் தனியாகக் கூட்டி வந்தால் நல்லது. பெரும்பாலும் கூட்டி வருவதில்லை.

போன மாசம் நெகமத்துக்காரர் ஒருவர் காலையில் மோட்டாரை விட்டுவிட்டுப் போனார். மூன்று மணிக்கு வந்தார். நடை நேராக இல்லை, சிரிப்பு மட்டும் அகலமாக இருந்தது. மோட்டார் ஒரு மணிக்கே தயார், டெஸ்டும் போட்டாச்சு, பெஞ்சுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

"ஆச்சுங்களாண்ணா?"

"இல்லைங்க. வார்னிஷ் இன்னும் காயல. உட்காருங்க, டீ சொல்றேன்."

ஆறரைக்குத்தான் காய்ந்தது.