வைத்தியசாலை நாட்படிக் காப்புறுதி: கையொப்பம் வைக்க முன் விலக்குப் பக்கத்தைப் பாருங்கோ

கிளிநொச்சி, வவுனியா பக்கம் ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி விற்கிற 'நாட்படி' இணைப்பைத்தான் இங்கே எடுத்திருக்கிறோம். கம்பனியின் பெயர் முக்கியமில்லை, வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான். வாட்டில் படுத்த இரவுகளுக்குக் கணக்குப் பார்த்துக் காசு. டெங்கு, பாம்புக்கடி, சத்திரசிகிச்சை என்றால் கூலிவேலைக் குடும்பத்துக்கு உதவுகிற சாமான்.

மனநோய் என்று வந்தால் கதை வேறு. முகவர் காட்டுகிற வர்ணத்தாளில் அதைப்பற்றிப் பேச்சே இராது. பொலிசிப் புத்தகத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, 'விலக்குகள்' என்ற தலைப்பைத் தேடுங்கள்; எதற்கெல்லாம் காசு தரமாட்டோம் என்று கம்பனி எழுதியிருக்கிற இடம் அது. உளக் கோளாறு, தன்னைத்தானே காயப்படுத்தல், மதுப்பாவனை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அங்கே "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்று இருந்தால் இன்னும் கவனம். சீனி வருத்தக்காரர் மனவழுத்தத்தில் குளிசையை விட்டு, சீனி ஏறி வாட்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். டயக்னோசிஸ் கார்டில் இரண்டு வருத்தமும் எழுதியிருக்கும். சீனிக்கான கிளெயிமையும் மறுக்க 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற அந்த இரண்டு சொல் போதும்.

விண்ணப்பப் படிவத்தில் மனநல சிகிச்சை பற்றிய கேள்விக்கு, "இல்லை எண்டு போடுங்கோ அண்ணை, பிரச்சினை வராது" என்று சொல்கிற முகவர்களும் உண்டு. போடாதீர்கள். பிறகு கிளினிக் கொப்பி வெளியில் வந்தால் நாட்படி மட்டுமல்ல, ஆயுள் காப்புறுதியே செல்லாமற் போகலாம். உள்ளதை எழுதி, நிரப்பிய படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். மறுப்பா, கூடிய கட்டணமா, அந்த வருத்தத்துக்கு மட்டும் விலக்கா என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் கிளெயிம் நேரம் நிற்காது.

விலக்கைப் போடுவது கம்பனி, போட விடுவது சட்டம். காப்புறுதித் துறைக்கான 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் மனநோயையும் உடல்நோயையும் சமமாகப் பார்க்கும்படி கம்பனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. மனநோய்க்கென்று உள்ள 1873ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமோ ஆளைத் தடுத்து வைப்பது பற்றியது. இந்தியா 2017இல் இயற்றிய மனநலச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், உடல்நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்புறுதி என்று எழுதிவிட்டது. எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஆறு ஆசனம்; கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்கலாம்.

கேட்கும்போது கவனமாகக் கேட்க வேண்டும். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்புறுதியைச் சமப்படுத்த வந்த அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் வருட, வாழ்நாள் உச்சத்தொகைகளை மட்டும் சமப்படுத்தியது. கம்பனிகள் வாட் நாட்களையும் வைத்தியரைப் பார்க்கும் தடவைகளையும் குறைத்து அதைச் சரிக்கட்டின. அந்த ஓட்டையை அடைக்க 2008 வரை போனது. கட்டணம் ஏறும் என்பதுதான் எதிர்த்தவர்களின் பெரிய வாதம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த செனட்டர்கள் பீட் டொமெனிச்சி, போல் வெல்ஸ்டோன் இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஒருவரின் மகளுக்கும் மற்றவரின் அண்ணனுக்கும் மனநோய்.

இங்கே நாளைக்கே விலக்கை எடுத்தாலும் நாட்படியால் பெரிய பலன் வராது. மனநோய்க்காரரில் பலர் வாட்டில் படுப்பதில்லை. மாதாமாதம் கிளினிக் போகிறார்கள். துணுக்காயிலிருந்து மாங்குளம், அங்கிருந்து கிளிநொச்சி என்று பஸ் மாறி, கூட ஒரு ஆளும் போனால் இரண்டு பேரின் நாட்கூலி போய்விடும். அரச கிளினிக்கில் சிகிச்சை இலவசம், ஆனால் மருந்து இருப்பில் இல்லையென்றால் வெளிப் பாமசி. இரவு எண்ணிக் காசு தருகிற பொலிசியில் இதற்கெல்லாம் இடமே இல்லை. வெளிநோயாளர் செலவைத் தருகிற இணைப்பு இருக்கிறதா, அதில் மனநல கிளினிக் சேர்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

டெங்குக்கும் முறிவுக்கும் ஐந்துக்கு நாலு புள்ளி. மனநோய்க்குப் பூச்சியம். ஏற்கெனவே வாங்கிக் கிளெயிம் மறுக்கப்பட்டவர்கள், எந்த விலக்கின்படி என்று கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தோடு, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம்.