கைபேசி நிறுவனத்துக்கு விலை போடும் இணையச் சேவை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நிறுவனங்களின் விற்பனை மதிப்பைக் கணித்துத் தரும் இணையச் சேவை ஒன்றுக்கு எங்கள் தணிக்கை அலுவலகம் ஆறு மாதங்களாகச் சந்தா கட்டி வருகிறது. இதே அச்சில் வார்த்த சேவைகள் வேறு சிலவும் இருப்பதால் இதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் சிறிய கைபேசி நிறுவனத்தில் பங்கு வாங்க எண்ணி, என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்டு வந்தார். அந்தக் கணக்கை இதனிடம் ஒப்படைக்கும் முன், விலை ஏற்கெனவே ஊரறிந்த இரண்டு விற்பனைகளைக் கொடுத்துச் சோதித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரப்ப வேண்டிய படிவம் அனுபவமுள்ள கணக்காளர் வகுத்ததுபோல் இருக்கிறது. சரக்கின் மொத்த மதிப்பை மட்டும் கேட்காமல் அது எத்தனை நாளாகத் தேங்கிக் கிடக்கிறது என்றும் கேட்டு, பழைய கைபேசிகளின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. உத்தரவாதக் காலத்துப் பழுதுச் செலவுக்கு ஒதுக்கீடு வைக்க மறந்தால் நினைவூட்டுகிறது.

சிக்கல் மோட்டோரோலா மொபிலிட்டி என்ற கைபேசி நிறுவனத்தில் தொடங்கியது. கூகுள் அதை வாங்குவதாக 2011 ஆகஸ்டில் அறிவித்தபோது, முந்தைய ஆண்டில் அந்நிறுவனத்தின் விற்றுமுதல் சுமார் 1,150 கோடி டாலர். நிகர முடிவோ நட்டம். எதிர்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் முறையில் இந்த எண்களை இட்டால், நிறுவனத்தின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் நிற்கிறது. ஆனால் கூகுள் பேசிய விலை 1,250 கோடி டாலர். அதாவது, பங்குக்கு 40 டாலர், முந்தைய வெள்ளிக்கிழமைச் சந்தை விலையைவிட 63 விழுக்காடு அதிகம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் திவாலான கனடியத் தொலைத்தொடர்பு நிறுவனமான நார்டெலின் ஏறத்தாழ 6,000 காப்புரிமைகள் ஆப்பிள், மைக்ரோசாப்ட் முதலானவை அடங்கிய கூட்டணியிடம் 450 கோடி டாலருக்குப் போயிருந்தன. அந்த ஏலத்தில் தோற்ற கூகுளுக்கு, ஆண்ட்ராய்டை வழக்குகளிலிருந்து காக்கக் காப்புரிமைகள் உடனே தேவைப்பட்டன. வாங்குபவர் யார், அவருக்கு எதற்காக வேண்டும் என்ற கேள்வி இந்தச் சேவையின் படிவத்தில் எங்குமே இல்லை.

காப்புரிமைக்கென்று தனி இடமும் கிடையாது. ஏழாம் பக்கத்தின் அடியில், 'நற்பெயர், வணிகச் சின்னம், பிற' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. கூகுளின் கணக்கேட்டில் அந்தப் 'பிற'வுக்குள் அடங்கிய காப்புரிமைகளும் தொழில்நுட்பமும் மட்டும் 550 கோடி டாலர். அதோடு, மோட்டோரோலாவின் கையிலேயே சுமார் 290 கோடி டாலர் ரொக்கம் இருந்தது. 2014இல் மோட்டோரோலாவைச் சீனக் கணினி நிறுவனமான லெனோவாவுக்கு 291 கோடி டாலருக்கு விற்றதைப் பார்த்து, கூகுள் ஆயிரம் கோடியை ஆற்றில் கொட்டியது என்று இன்றும் பேசுவோர் உண்டு. பெரும்பாலான காப்புரிமைகளைக் கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டதையும், இடையில் தொலைக்காட்சியோடு இணைக்கும் செட்-டாப் பெட்டிப் பிரிவைத் தனியாக விற்றதையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நோக்கியாவைக் கொடுத்தபோது பிழை எதிர்த்திசையில் போயிற்று. மைக்ரோசாப்டுக்கு மாற்றத் திட்டமிட்ட பிரிவுகளின் 2012ஆம் ஆண்டு விற்பனை 1,490 கோடி யூரோ. 2013இல் பேசிய விலை 544 கோடி யூரோ. அதிலும் தொழிலுக்கு 379 கோடிதான். மீதி 165 கோடி, காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு. தொழில்நுட்பக் காப்புரிமைகள் நோக்கியாவிடமே இருந்தன. உரிமத்தையும் சேர்த்தே விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய விலைக்குப் போன ஒரு தொழிலுக்கும், ரொக்கத்தைக் கழித்த பிறகும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விலைபோன மோட்டோரோலாவுக்கும் 'மின்னணுச் சாதனங்கள்' என்ற ஒரே மடங்கை, அதாவது விற்பனையைப் பெருக்கி விலை காணும் எண்ணை, பொருத்துகிறது இந்தச் சேவை.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை உள்ளிட்ட கதை இன்னும் மோசம். நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் படிவம் மதிப்புப் போட்டுவிட்டது. வரி வழக்கில் முடங்கியதால் அந்த ஆலை மைக்ரோசாப்டுக்குக் கைமாறவே இல்லை. 2014 நவம்பரில் உற்பத்தியும் நின்றது. கைமாற்ற முடியாத சொத்து என்று குறிக்க வழி உண்டா என உதவிப் பிரிவிடம் கேட்டேன். அதையும் 'பிற' கட்டத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வாங்கியவரின் கணிப்பே எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. 2015 ஜூலையில் மைக்ரோசாப்ட் இந்தக் கைபேசித் தொழிலின் பேரில் 760 கோடி டாலரைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. அது வாங்கும்போது அறிவித்த 720 கோடி டாலரையும் தாண்டிய தொகை. அந்தத் தவற்றையாவது இந்தச் சேவை முன்கூட்டிக் காட்டியிருக்குமா என்று பார்த்தேன். அதன் விடை மைக்ரோசாப்ட் கொடுத்த விலையைவிடவும் மேலே இருந்தது.

மருந்துக் கடை, அச்சகம், சிறு பட்டறை ஆகியவற்றின் மதிப்பீட்டுக்காகச் சந்தாவைத் தொடரப்போகிறோம். கைபேசி நிறுவனம் கேட்டு வந்த அந்த வாடிக்கையாளருக்கு, சரக்கையும் பாக்கியையும் மட்டும் இதில் சரிபார்த்துவிட்டு, மீதியை வழக்கம்போல் எக்செல் தாளில் நானே போட்டுக் கொடுத்தேன்.